சகுரா என்னும் சொல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேச வருவோர் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது மரபு. இவ்வாண்டு நாம் அம்மரபினின்று சிறிது விலகி, கடல் கடந்த நாடொன்றின் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் நம் காலனிச் சிறுமி ஒருத்தி. பள்ளியில் ஜப்பான் நாட்டைப் பற்றி எழுதி வரச் சொன்னார்களாம். கையில் குறிப்பேட்டுடன் நம் வீட்டிற்கு வந்தவள், “மாமா, சகுராவுக்குத் தமிழில் என்ன சொல்?” என்று கேட்டாள். “செர்ரிப் பூ” என்றோம். “செர்ரி என்பது ஆங்கிலம் அல்லவா?” என்றாள். நாம் வாயடைத்துப் போனோம். போகிற போக்கில் இன்னும் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனாள்: “நமக்கும் இப்படி ஒரு பூ உண்டா?”

அன்றிரவு முழுதும் அவ்விரு கேள்விகளும் நம்மை விடவில்லை. முதற் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, ஒரு சிறு சொல்லுக்குள் ஒரு நாட்டின் 1200 ஆண்டு வாழ்வு அடங்கிக் கிடப்பதைக் கண்டோம். உழவும் உண்டு, பாட்டும் உண்டு. களிப்பும் உண்டு, கண்ணீரும் உண்டு. கண்டதை உங்கள் முன் வைக்கிறோம். இரண்டாம் கேள்விக்கு இறுதியில் வருவோம்.

சொல்லின் பிறப்பு

‘ச – கு – ர’ என்று மூன்று குற்றெழுத்துகளால் ஆனது இச்சொல். நடுவில் நிற்கும் ககரத்தை வன்மையாகவே ஒலித்தல் வேண்டும். ஈற்றை நீட்டிச் ‘சகுரா’ என்பது நம் வழக்கு, அவர்கள் நீட்டுவதில்லை.

இச்சொல் எவ்வாறு பிறந்தது என்பதில் ஜப்பானிய அறிஞர்க்குள் ஒருமித்த கருத்து இல்லை. ‘சகு’ என்றால் ‘பூத்தல்’. அதனோடு பன்மை காட்டும் ‘ர’ சேர்ந்து ‘பூப்பவை’ என்னும் பொருளில் வந்தது என்பர் ஒரு சாரார். ‘ச’ என்பது வயலில் உறையும் தெய்வம், ‘குர’ என்பது இருக்கை. வயல் தெய்வம் மலையினின்று இறங்கி வந்து அமரும் இருக்கையே சகுரா என்பர் மற்றொரு சாரார். பழங்கதைகளில் வரும் கோனோஹானசகுயா என்னும் தேவியின் பெயரோடு இதனைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. இவற்றுள் எது மெய்யென்று முடிவு செய்வது நம் வேலையன்று. ஆயினும், வயல் தெய்வத்தின் இருக்கை என்னும் விளக்கம் மக்கள் மனத்தில் ஊன்றியிருப்பதற்குக் காரணம் உண்டு. மலையில் சகுரா பூப்பதைப் பார்த்து நெல் விதைக்கும் பருவத்தை அறிந்த உழவர் பலர் அந்நாட்டில் வாழ்ந்திருக்கின்றனர். பூ அவர்களுக்கு அழகு மட்டும் அன்று, நாட்காட்டியுமாகும்.

எழுத்திலும் ஒரு சுவை உண்டு. சகுராவைக் குறிக்கும் எழுத்துச் சீனத்தினின்று வந்தது. சீனத்தில் அது வேறொரு செர்ரியினத்தைக் குறித்தது. அதன் பழைய வடிவில் ஒரு பக்கம் ‘மரம்’ நிற்கும். மறு பக்கம் மேலே இரண்டு ‘சிப்பி’களும் கீழே ஒரு ‘பெண்’ணும் நிற்கும். இதனை நினைவில் வைக்க ஜப்பானியர் ஒரு சிலேடை செய்தார்கள். ‘இரு சிப்பிப் பெண் மரத்தில் சாய்கிறாள்’ என்பதை அவர்கள் மொழியில் ஒலித்தால், ‘மாடி வீட்டுப் பெண் என் மனத்தை அலைக்கழிக்கிறாள்’ என்றும் பொருள்படும்! எழுத்துப் பழகும் மாணவர் சிரித்துக்கொண்டே கற்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

இனி, ‘செர்ரிப் பூ’ என்னும் நம் விடை ஏன் பொருந்தவில்லை என்பதைப் பார்ப்போம். ஆங்கிலேயர்க்குச் செர்ரி என்றால் முதலில் பழம். பழம் தரும் மரத்தின் பூ என்பதால் அது செர்ரிப் பூ. ஜப்பானில் நிலைமை தலைகீழ். அங்கே பூத்தான் முதல். சாலையோரங்களில் நிற்கும் சகுரா மரங்களினின்று உண்ணத் தகுந்த கனி கிடைப்பதில்லை. அதனை எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கடையில் விற்கும் செர்ரிப் பழத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சகுரன்போ’. பூவிடமிருந்து பெயரைக் கடன் வாங்கிக்கொண்டது பழம். ஆக, பழத்தின் பெயரால் பூவை அழைத்தால் சகுரா நம் கையில் அகப்படாது.

நாடு பெற்ற மலர்

மரம் இருந்தால் மட்டும் இத்தனை பொருளும் வந்துவிடுமா? வராது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இமயச் சாரலில் காட்டுச் செர்ரி மரங்கள் தாமாகவே வளர்கின்றன. ஷில்லாங் நகரில் அவை நவம்பர் திங்களில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்குகின்றன. 2016 முதல் அங்கே விழாவும் எடுக்கிறார்கள். ஜப்பானிய மரத்திற்கு இது உறவு மரமே. ஆனால் இங்கே பூப்பது குளிர்காலத்தின் வாயிலில். அங்கே பூப்பது வேனிலின் வாயிலில். அங்குள்ள பொருள்களை இம்மரத்தின் மேல் எவரும் ஏற்றவில்லை. மரம் இயற்கை தந்தது. பொருள் மனிதர் தந்தது. இதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

ஜப்பானிலும் தொடக்கத்திலேயே சகுரா முடிசூடிவிடவில்லை. எட்டாம் நூற்றாண்டில் அரசவையோர் போற்றியது சீனத்தினின்று வந்த ‘உமே’ என்னும் மலரையே. அக்காலத்துப் பெருந்தொகை நூலான மன்யோஷுவில் ஏறத்தாழ 4500 பாடல்கள் உள்ளன. அவற்றுள் உமேயைப் பாடியவை நூற்றுக்கு மேல். சகுராவைப் பாடியவை நாற்பது அளவே. பிறகு காற்றுத் திசை மாறியது. 812ஆம் ஆண்டில் சாகா மன்னர் கியோத்தோவில் பூக்காண் விருந்து நடத்தினார் என்பது வரலாற்றுக் குறிப்பு. ஒன்பதாம் நூற்றாண்டில் அரண்மனை முற்றத்தில் உமே நின்ற இடத்தில் சகுரா நடப்பட்டது. 905ஆம் ஆண்டில் அரசாணையால் தொகுக்கத் தொடங்கிய கோக்கின்ஷு என்னும் நூலில் சகுரா உமேயை முந்திவிட்டது. அதன்பின் ‘ஹன’, அதாவது ‘பூ’, என்று வாளா சொன்னாலே சகுராவைக் குறிக்கும் நிலை வந்தது. சீனத்தின் நிழலினின்று விலகித் தமக்கென ஒரு சுவையைத் தேடிய காலத்தில், ஜப்பானியர் தம் மலைகளில் தாமே பூத்த மலரைக் கண்டெடுத்தார்கள் எனலாம்.

அம்மலரின் இயல்பே பாட்டுக்கு இசைவானது. இலை வருமுன் பூப்பவை பல. மரம் முழுதும் ஒருசேரப் பூக்கும். முழு மலர்ச்சி ஒரு கிழமை நிற்பதே அரிது. மழையோ காற்றோ வந்தால் இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். நம் வள்ளுவர் ‘நிலையாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நிலையாமையை ஜப்பானியர் ஆண்டுதோறும் மரத்தடியில் உட்கார்ந்து கண்ணால் கண்டனர். புத்தர் பிரானின் நெறி நம் நாட்டினின்று சீனம் வழியாகவும் கொரியா வழியாகவும் அங்குச் சென்று சேர்ந்திருந்தமையால், உதிரும் பூவில் அவர்கள் அறவுரையையும் கேட்டனர். சைக்யோ என்னும் துறவிப் புலவர் (1118–1190) இளமையில் அரண்மனைக் காவலராக இருந்தவர். வேனிற் காலத்தில், இரண்டாம் திங்களின் முழுநிலா நாளையொட்டி, பூத்த மரத்தடியில் தம் உயிர் பிரிய வேண்டும் என்று அவர் பாடினார். அந்நாள் புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாளாக அங்குப் போற்றப்படுவது. 1190ஆம் ஆண்டில், இரண்டாம் திங்களின் பதினாறாம் நாளில் சைக்யோ மறைந்தார். கேட்ட நாட்டவர் மெய் சிலிர்த்தனர்.

பூவைக் கூர்ந்து நோக்கிய மக்கள் அது வீழும் வகையையும் கூர்ந்து நோக்கினர். ஜப்பானிய மொழியில் எல்லாப் பூவும் ஒன்றுபோல் விழுவதில்லை. சகுரா ‘சிதறும்’, உமே ‘சிந்தும்’, முழுப்பூவாய்க் கழலும் கமேலியா ‘விழும்’, இதழ் பெருத்த பியோனி ‘சரியும்’. நம் முன்னோரும் இத்தகைய கூர்மை உடையவர்களே. அரும்பு, போது, மலர் என்று பருவம் பிரித்ததோடு நில்லாமல், உதிர்ந்த பூவுக்கு ‘வீ’ என்றும் வாடிய பூவுக்குச் ‘செம்மல்’ என்றும் பெயரிட்டார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர்கள் அச்சொற்களை இன்றும் வழங்குகிறார்கள். நாமோ வீயையும் செம்மலையும் நிகண்டில் பூட்டி வைத்துவிட்டோம்.

சகுராவைச் சூழ்ந்து பிறந்த சொற்கள் பல. காற்றில் இதழ்கள் பனிப்புயல் போல் பறப்பது ‘ஹனஃபுபுகி’. நீரில் விழுந்த இதழ்கள் தெப்பம் போல் மிதந்து செல்வது ‘ஹனஇகதா’. பூக்கும் நாளில் திடீரெனத் திரும்பி வரும் குளிர் ‘ஹனபியே’. அந்நாளின் மெல்லிய மேகமூட்டம் ‘ஹனகுமோரி’. பூ உதிர்ந்து தளிர் விட்ட மரம் ‘ஹசகுரா’. விளக்கொளியில் காணும் இரவுப் பூ ‘யோசகுரா’. ஒரு கிழமைக்குள் முடியும் நிகழ்ச்சிக்கு இத்தனை சொற்கள்!

அரசர் தோட்டத்தினின்று தெருவுக்கு

இம்மலர் நெடுங்காலம் மேலோர்க்கே உரியதாக இருந்தது. தொயொத்தோமி ஹிதெயோஷி என்னும் பேராற்றல் படைத்த தலைவர் 1594இல் யோஷினோ மலையில் ஏறத்தாழ 5000 பேருடன் பூக்காணச் சென்றார். 1598இல் கியோத்தோவின் தைகோ கோவிலில் நூற்றுக்கணக்கான மரங்களைப் பெயர்த்து வந்து நட்டு, அரண்மனைப் பெண்டிர் உட்பட ஏறத்தாழ 1300 பேருக்கு விருந்து படைத்தார். அவ்வாண்டு முடியுமுன் அவர் வாழ்வும் உதிர்ந்தது.

பொதுமக்கள் கைக்குச் சகுரா முழுதும் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரில், ஆட்சித் தலைவரான தொக்குகாவா யோஷிமுனே 1720ஆம் ஆண்டளவில் அசுகயாமா என்னும் குன்றில் மரங்களை நட்டு, எல்லாரும் சென்று களிக்க வழி செய்தார். சுமிதா ஆற்றங்கரையிலும் மரங்கள் வரிசையாக நின்றன. கூட்டம் கூட்டமாக மக்கள் நடக்க, கரை மண் மிதிபட்டு இறுகட்டும் என்பதும் ஒரு நோக்கம் என்பார்கள். மரத்தடியில் பாய் விரித்தனர், சோற்றுப் பெட்டியைத் திறந்தனர், பாடினர், ஆடினர். அக்கரையிலிருந்த கோவில் ஒன்றின் வாயில் காவலர், உதிர்ந்து கிடந்த சகுரா இலைகளைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போய், அவற்றை உப்பிலிட்டு, பயற்றுப் பூரணம் வைத்த பண்டத்தைச் சுற்றி விற்கத் தொடங்கினாராம். அதுவே ‘சகுரமோச்சி’. பூவரச இலையில் கொழுக்கட்டை அவிக்கும் நம் தாய்மார்களுக்கு அதன் மணத்தை விளக்க வேண்டுவதில்லை. ‘பூவைவிட மாவுருண்டை மேல்’ என்னும் பழமொழியும் இக்கூட்டங்களைப் பார்த்தே எழுந்தது. மலர் காண வந்து, வயிற்றைக் கண்டவர்களைச் சுட்டும் சொல் அது.

அன்றாட வாழ்வில் இச்சொல் இன்றும் எத்தனையோ வேடம் பூணுகிறது. நாடக அரங்கில் காசு கொடாமல் உட்கார்ந்து, சொல்லி வைத்தாற்போல் கைதட்டும் ஆளுக்குச் ‘சகுரா’ என்று பெயர். பூவைக் காணக் காசு வேண்டாமன்றோ! நிறத்தினால் குதிரை இறைச்சிக்கும் அப்பெயர் உண்டு. மணநாளில் விருந்தினர்க்கு உப்பிட்ட சகுராப் பூவை வெந்நீரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். 1967 முதல் 100 யென் நாணயத்தில் சகுரா மலர்ந்திருக்கிறது. சட்டத்தால் அதனைத் தேசிய மலர் என்று எவரும் அறிவித்ததில்லை. அறிவிக்கத் தேவையும் எழவில்லை.

பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு மிகவும் பிடிப்பது வேறொரு வழக்கு. கல்லூரி நுழைவுத் தேர்வின் முடிவு அறியத் தொலைவூர்ப் பிள்ளைகள் நேரில் வர இயலாத காலத்தில் தந்தி அடிப்பார்கள். ‘சகுரா மலர்ந்தது’ என்றால் தேர்ச்சி. ‘சகுரா உதிர்ந்தது’ என்றால் தோல்வி. இரண்டே சொல்லில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கனவு அடங்கியது. நம் நாட்டில் 2013இல் தந்தி நின்றுபோனது. அங்கும் கணினி வந்துவிட்டது. ஆனால் அச்சொற்றொடர் நின்றுபோகவில்லை. அங்கே பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. புதிய உடை அணிந்த குழந்தையைச் சகுரா மரத்தடியில் நிறுத்திப் படம் எடுக்காத பெற்றோர் குறைவு.

மலரும் நாளை அரசே அறிவிப்பதும் வியப்பே. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மலர்ச்சி நகர்வதைப் போர்முனை நகர்வது போல் வரைபடத்தில் காட்டி, அதற்குச் ‘சகுரா முனை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். வானிலைத் துறையினர் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூ விரிந்தால் மலர்ச்சி தொடங்கியது என்று அறிவிப்பார்கள். முன்கூட்டிக் கணிக்கும் பணியை 2010 முதல் தனியார் நிறுவனங்கள் செய்கின்றன. கியோத்தோவிலோ அரசவையோரும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளினின்று ஒன்பதாம் நூற்றாண்டு தொட்டு மலர்ச்சி நாள்களை யசுயுகி அவோனோ என்னும் ஆராய்ச்சியாளர் தொகுத்தார். 2021ஆம் ஆண்டில் மார்ச் 26 அன்றே முழு மலர்ச்சி வந்தது. அத்தொகுப்பில் அதற்கு முன் இத்துணை விரைவாக வந்த ஆண்டு இல்லை. புவி சூடேறுவதன் சான்றாக உலக அறிஞர் இதனை எடுத்தாளுகின்றனர். அன்று அழகுக்காக எழுதி வைத்த குறிப்பு, இன்று அறிவியலுக்கு ஆவணமாயிற்று.

சொல்லின் மேல் ஏற்றிய சுமை

அன்பர்களே, இதுவரை இன்பமான பகுதியைச் சொன்னோம். இனித் துன்பமான பகுதியையும் சொல்லியாக வேண்டும். ஒரு சொல்லை மதிப்பவர் அதன் வடுவை மறைக்கலாகாது.

மொத்தொரி நொரினாகா (1730–1801) ஒரு மருத்துவர், பெரும் புலவர். உலகப் பொருள்கள் உள்ளத்தைத் தொட்டு உருக்கும் நிலையை ஓர் இலக்கியக் கொள்கையாகவே வகுத்தவர். தம் கல்லறையில் மலைச் சகுரா ஒன்றை நடுமாறு எழுதி வைத்தவர். 1790இல் அவர் ஒரு குறும்பாட்டு எழுதினார். ஜப்பானிய நெஞ்சம் எத்தகையது என்று கேட்போர்க்குக் காலை வெயிலில் ஒளிரும் மலைச் சகுராவைச் சுட்டிக் காட்டினார். அவ்வளவே. அப்பாட்டில் உதிர்தல் இல்லை, சாவு இல்லை, போரும் இல்லை.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. புதிய படை அமைந்தது. படைவீரரின் சின்னத்தில் சகுரா ஏறியது. பாசறைகளிலும் பழைய கோட்டைகளிலும் போரில் மாண்டோரை வணங்கும் யசுகுனிக் கோவிலிலும் சகுரா நடப்பட்டது. பூப்பதைப் போற்றிய மலர், மெல்ல மெல்ல, உதிர்வதைப் போற்றும் மலராக மாற்றப்பட்டது. அழகாக உதிர்வதே வீரனுக்கு அழகு என்று பாடநூலும் படைப்பாட்டும் ஓதின. 1944 அக்டோபரில், விமானத்தோடு பகைக்கப்பலில் மோதி மாள்வதற்கென முதன்முதல் அமைத்த நான்கு அணிகளுக்கும் ஷிகிஷிமா, யமத்தோ, அசஹி, யமசகுரா என்று பெயரிட்டனர். நான்கும் நொரினாகாவின் அப்பாட்டிலிருந்து பிய்த்தெடுத்த சொற்கள். 1945இல் மனிதனை உள்ளே வைத்துச் செலுத்தும் வெடிகலம் ஒன்றை வானினின்று ஏவினர். அதன் பெயர் ‘ஓக்கா’. பொருள், சகுராப் பூ. சிரான் விமானத் தளத்தில் பள்ளி மாணவியர் சகுராக் கிளைகளை அசைத்து விடை கொடுக்க, திரும்பி வாராத பயணம் புறப்பட்டனர் இளைஞர். அவ்விளைஞருள் கல்லூரி மாணவர் பலர். நம் வீட்டுப் பிள்ளைகளின் வயதினர்.

அண்டை நாட்டார்க்கு அதே மலர் வேறு விதமாகத் தோன்றியது. கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில், சியோல் நகரின் சாங்யோங்குங் அரண்மனையை விலங்குக் காட்சிசாலையாக்கி, அங்கே சகுரா மரங்களை நட்டனர். 1980களில் கொரியர் அவ்வரண்மனையைச் சீர்திருத்தியபோது அம்மரங்களை அங்கிருந்து அகற்றினர். மரத்தின்மேல் அவர்களுக்குப் பகை இல்லை. மரத்தோடு வந்த ஆதிக்கத்தின்மேல்தான் பகை.

இதனைக் கேட்டு நாம் ஜப்பானியரை மட்டும் குறை கூறிவிட்டு எழுந்து போதல் தகாது. நம் முன்னோரும் வெட்சி சூடி ஆநிரை கவர்ந்தார்கள். வஞ்சி சூடி மண் கொள்ளச் சென்றார்கள். தும்பை சூடிப் பொருதார்கள். வாகை சூடி வென்றார்கள். மலரைப் போருக்கு அழைத்தவர் உலகெங்கும் உண்டு. ஆனால் ஒன்று: மலர் தானாகப் போருக்கு வரவில்லை. வெயிலில் ஒளிர்ந்த பூவைப் பாடிய புலவரும் அதற்கு இசைவு தரவில்லை. பிறர் கை அதனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

போர் முடிந்தது. சகுராவை வெட்டி எறிந்துவிட்டார்களா? இல்லை. சொல்லை விலக்கினார்களா? அதுவும் இல்லை. மீண்டும் மரத்தடியில் பாய் விரித்தார்கள். மீண்டும் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்தார்கள். தோக்கியோவின் மலர்ச்சியை அறிவிக்கும் மரம் இன்றும் யசுகுனிக் கோவில் வளாகத்திலேயே நிற்கிறது. அதில் முதற் பூவைக் காணும் முதியவர் ஒருவர் மகிழலாம். இன்னொருவர் கண் கலங்கலாம். இரண்டையும் அச்சொல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒட்டுக் கட்டிய கைகள்

இவ்விடத்தில் மரத்தைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று ஜப்பானில் பூங்காதோறும் நிற்பது பெரும்பாலும் ‘சோமெய் யோஷினோ’ என்னும் வகை. எதோ நகரை அடுத்த சோமெய் என்னும் சிற்றூரின் நாற்றுப்பண்ணையார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பியது. 1900இல் பெயர் பெற்றது. இதன் விதையை ஊன்றினால் இதே மரம் வாராது, வேறொன்று வரும். ஆகவே ஒட்டு மாங்கன்று போல, ஒவ்வொரு கன்றையும் மனிதக் கை ஒட்டுக் கட்டியே ஆக வேண்டும். இலட்சக்கணக்கான மரங்களும் ஒரே மரத்தின் ஒட்டுகளே என்பதை மரபணு ஆய்வு உறுதி செய்துள்ளது. ஓரூரில் எல்லாம் ஒரே நாளில் பூப்பதற்கும் அதுவே காரணம். ‘பழமை மாறாத சகுரா’ என்று நாம் எண்ணுவது, தலைமுறைதோறும் எவரோ ஒருவர் கத்தியும் நாரும் கொண்டு கட்டி வளர்த்தது.

ஒட்டு எத்தனை வலியது என்பதற்கு ஒரு செய்தி. காலிங்வுட் இங்கிராம் என்னும் ஆங்கிலேயர் கென்ட் பகுதியில் சகுரா வளர்த்துவந்தார். 1926இல் அவர் ஜப்பான் சென்றபோது, ஓர் அன்பர் தம் முன்னோர் வரைந்த வெள்ளைச் சகுரா ஓவியத்தைக் காட்டி, இம்மரம் எங்கள் நாட்டில் அழிந்துவிட்டது என்றார். இங்கிராம் திகைத்தார். அம்மரம் அவர் தோட்டத்தில் நின்றது! சசெக்ஸ் பகுதியில் வாடிக்கொண்டிருந்த மரம் ஒன்றினின்று அவர் முன்னமே ஒட்டு எடுத்து வைத்திருந்தார். ஊர் திரும்பியதும் குச்சிகளைக் கப்பலில் அனுப்பினார்; அவை வழியிலேயே பட்டுப்போயின. பிறகு குச்சியை ஓர் உருளைக்கிழங்கில் செருகி, ஈரம் காயாமல், சைபீரிய இரயில் வழியாக அனுப்பினார். 1932இல் அது கியோத்தோவில் துளிர்த்தது. ‘தைஹாக்கு’ என்னும் பெயரோடு இன்றும் பூக்கிறது.

இதுபோன்றே இன்னொன்று. 1910இல் தோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அனுப்பிய 2000 கன்றுகளும் பூச்சி அரித்தவை என்று எரிக்கப்பட்டன. மனம் தளராமல் 1912இல் 3020 கன்றுகளை மறுபடி அனுப்பினர். 1941இல் போர் மூண்டதும் அங்கே சிலர் நான்கு மரங்களை வெட்டிச் சாய்த்தனர், ஏனையவை பிழைத்தன. போருக்குப் பின், தோக்கியோவின் அரகவா ஆற்றங்கரையிலிருந்த தாய்த் தோப்பு நலிந்து கிடந்தது. அதனை மீட்க 1952இல் வாஷிங்டன் மரங்களினின்று குச்சிகள் சென்றன. குடியேறிய பிள்ளை தாய்க்குச் சோறு ஊட்டியது.

இச்செய்திகளைப் படித்தபோது நம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்கவில்லை. நாமும் வேறு மண்ணில் ஊன்றியவர்கள் அல்லமோ? ஆனால் உடனே வேறோர் எண்ணமும் வந்தது. அவ்வெள்ளை மரம் அயல்நாட்டில் இருந்ததனால் மட்டும் பிழைக்கவில்லை. ஒருவர் ஒட்டுக் கட்டினார், அதனால் பிழைத்தது. கட்டாதிருந்தால் சசெக்ஸிலும் பட்டுப்போயிருக்கும்.

இப்பொழுது அச்சிறுமியின் இரண்டாம் கேள்வி. நமக்கும் இப்படி ஒரு பூ உண்டா? ஒன்றல்ல, 99 பூக்களின் பெயரைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கியிருக்கிறார். நிலங்களுக்கே பூவின் பெயரை இட்டவர்கள் நாம். ஆயினும் அவளிடம் அதனைச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. முல்லை மாலையில் விரியும் என்பதை அவள் கண்டதில்லை. நொச்சியை அறியாள், புன்னையை அறியாள். அவள் தமிழ் பேசுகிறாள். ஆனால் பூ எல்லாம் அவளுக்குப் ‘பூ’ ஒன்றுதான். குற்றம் அவளுடையதன்று. சொல் விதையினின்று தானே முளைத்துவிடும் என்று நாம் இருந்துவிட்டோம்.

ஜப்பானியர் சகுராவை அகராதியால் காக்கவில்லை. ஆண்டுதோறும் மரத்தடிக்குப் போவதால் காக்கிறார்கள். போனால் பேச வேண்டும். பேசச் சொல் வேண்டும். நம் காலனியிலும் தைத் திங்களில் பானை பொங்கும்போது எந்தக் குழந்தையும் அகராதியைப் புரட்டுவதில்லை. ‘பொங்கலோ பொங்கல்’ என்று தானே கூவுகிறது. அவ்வாறே ஒரு தொட்டியில் முல்லையை வைப்போம். அது அரும்பாகி, போதாகி, மலராகி, வீயாகும் நாளில் குழந்தைகளை அருகில் அழைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வோம். ஒட்டு அவ்வளவுதான்.

கட்டும்போது எதைக் கட்டுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்வோம். காலை வெயிலில் ஒளிர்ந்த ஒரு பூவின் மேல் சாவைக் கட்டிய கைகளும் உலகில் இருந்தன. ‘தமிழ்’ என்னும் இனிய சொல்லின் மேல் அண்டை வீட்டார் மொழியை இகழும் செருக்கைக் கட்டாதிருப்போம். நமக்கு இடம் தந்த இம்மண்ணின் பூவுக்கும் இவ்வூரார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறிவோம்.

அச்சிறுமிக்கு விடை சொல்லிவிட்டோம். “சகுராவுக்குத் தமிழ், சகுராதான் அம்மா” என்றோம். பொங்கல் எந்நாட்டிலும் பொங்கலாகவே இருக்க வேண்டும் என்று நாம் விரும்புவது போல, அவர்கள் சகுராவும் சகுராவாகவே இருக்கட்டும். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, “முல்லைச் செடி எங்கே கிடைக்கும், மாமா?” என்று கேட்டாள். அடுத்த முறை ஊருக்குச் சென்று திரும்பும் அன்பர் எவரேனும், பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் சிறிது இடம் விட்டு, ஈரத்துணியில் சுற்றி ஒரு முல்லைப் பதியனைக் கொண்டுவருவார்களாக.